அத்தியாயம் 6: வந்தவர் யார், தேடியது எது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்துச் சிறு தோல் பட்டறைகளில் பல, வேறொரு பெரிய கம்பெனிக்காகவே தைப்பவை. ஷூவுக்கு அப்பர் தைப்பது, லைனிங் வெட்டுவது, பெல்ட்டுக்கு ஓரம் தீட்டுவது என்று ஜாப் வொர்க்கிலேயே ஆண்டு முழுவதும் ஓடிவிடும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் திகைத்து நின்றன. மேலே ஆர்டர் குறைந்தால் கீழே இருக்கும் பட்டறைக்குத்தான் முதலில் வேலை குறையும். சொந்தப் பெயரில் நாலு பார்ட்டியாவது கையில் வேண்டும், அதில் இரண்டு பார்ட்டியாவது உள்நாட்டில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் பலர் இணையதளம் வைக்கிறார்கள்.

தளம் அமைப்பதை முந்தைய அத்தியாயங்களில் முடித்துவிட்டோம். இப்போது அதற்கு வரும் ஆட்களைப் பற்றிய கணக்கு. அணைக்கட்டுப் பக்கம் எட்டு மெஷின் போட்டு பெல்ட், பர்ஸ், தோல் செருப்பு தைக்கும் பட்டறை ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அதன் தளத்துக்கு மாதம் 200 பேர் வருகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். இந்த 200 என்ற எண்ணைப் பார்த்து அந்த முதலாளி சந்தோஷப்படவும் வேண்டாம், வருத்தப்படவும் வேண்டாம். சிறு தொழிலுக்கு மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. வந்தவர்களில் நமக்கு வேண்டியவர் யார், அவர் எதைத் தேடி வந்தார், அது கிடைத்து நமக்குப் போன் செய்தாரா என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்த அத்தியாயம் முழுவதும்.

கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும்

எதையும் பார்ப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். வேலூரிலோ சென்னையிலோ தளம் செய்து கொடுத்த டிசைனர், அனலிட்டிக்ஸ் கணக்கைத் தன் ஜிமெயிலில் திறந்து வைத்திருப்பது சகஜம். அவர் வேறு வேலைக்குப் போனாலும், நம்பர் மாற்றினாலும் உங்கள் இரண்டு வருடக் கணக்கு அவரோடு போய்விடும். தொழிலுக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் வைத்துக்கொண்டு, அதில் நீங்கள் அட்மின் ஆகுங்கள். டிசைனருக்கு எடிட்டர் உரிமை போதும். தளத்தின் பெயர்ப் பதிவும் உங்கள் பெயரில்தானா என்பதை அதே நாளில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கடை வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் என்று கேட்பதற்கு யாராவது கூச்சப்படுவார்களா?

எந்தக் கருவி எதைப் பார்க்கிறது

கூகுள் தரும் மூன்று இலவசக் கருவிகள் போதும். ஒவ்வொன்றும் பார்க்கும் இடம் வேறு.

சர்ச் கன்சோல் உங்கள் தளத்துக்கு வெளியே நடப்பதைச் சொல்கிறது: கூகுளில் எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதைத் தொட்டார்கள், பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருந்தீர்கள். 16 மாதக் கணக்கை வைத்திருக்கும். கூகுள் அனலிட்டிக்ஸ், ஆள் தளத்துக்குள் நுழைந்த பிறகு நடப்பதைச் சொல்கிறது. கூகுள் மேப்பில் உங்கள் கடைக்கு இருக்கும் பதிவு, அதாவது பிசினஸ் ப்ரொஃபைல், அங்கிருந்தே எத்தனை பேர் போன் பட்டனை அழுத்தினார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று சொல்கிறது. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி பக்கம் நெடுஞ்சாலையோரம் கடை வைத்திருப்பவருக்கு இந்த மூன்றில் கடைசியானதுதான் முக்கியம். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே காரில் போகிறவர் உங்கள் தளத்தைத் திறந்து படிக்க மாட்டார். மேப்பில் பார்த்து வண்டியைத் திருப்புவார்.

ஒரு எச்சரிக்கை. கூகுள் அனலிட்டிக்ஸ் 2005-ல் இலவசமாக வந்தது. பல ஆண்டுகள் எல்லோரும் பயன்படுத்திய அதன் பழைய வடிவம் 2023 ஜூலை 1-ல் கணக்கெடுப்பதை நிறுத்திவிட்டது. இப்போது இருப்பது ஜிஏ4 என்னும் புது வடிவம். அதற்கு முன் எடுத்த யூடியூப் பாடங்களைப் பார்த்து மெனுவைத் தேடினால் கிடைக்காது. உங்களுக்குப் புரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், அந்த மெனுவே இப்போது இல்லை. வீடியோவின் தேதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கூகுள் வேண்டாம் என்பவர்களுக்கு நம் ஊர்க் கம்பெனியான ஸோஹோவின் பேஜ்சென்ஸ் இருக்கிறது, மட்டோமோ இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் கிளாரிட்டி இலவசம். வந்தவர் பக்கத்தில் எங்கே தொட்டார், எங்கே நின்றார், எங்கே திரும்பிப் போனார் என்பதைப் படமாகவே ஓட்டிக் காட்டும். மாதம் 200 பேர் மட்டும் வரும் தளத்துக்கு, பத்துப் பேருடைய ஓட்டத்தை உட்கார்ந்து பார்ப்பது எந்த வரைபடத்தையும் விட அதிகம் கற்றுத்தரும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

என்கொயரியை எண்ணுங்கள்

நம் பக்கத்துத் தொழிலில் யாரும் தளத்திலேயே பணம் கட்டிப் பொருள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்பார்கள், போனில் விலை பேசுவார்கள், சாம்பிள் அனுப்பச் சொல்வார்கள். ஆகவே எண்ண வேண்டியது என்கொயரியை. ஜிஏ4-ல் இதற்குக் கீ ஈவென்ட் என்று பெயர்.

உங்கள் வாட்ஸ்அப் பட்டன் சாதாரண லிங்க்காக இருந்தால், அதைத் தொடுவதை ஜிஏ4 தானாகவே வெளிச்செல்லும் கிளிக் என்று பதிந்துகொள்ளும். அதில் வாட்ஸ்அப் லிங்க்கை மட்டும் தனி ஈவென்ட்டாகப் பிரித்து, கீ ஈவென்ட் என்று குறித்துவிட்டால் போதும். பிடிஎஃப் கேட்டலாக் இறக்கியதும் தானாகப் பதிவாகும். போன் நம்பரைத் தொடுவது மட்டும் தானாகப் பதிவாகாது. டேக் மேனேஜர் என்ற கருவி வழியாக ஒருமுறை அமைக்க வேண்டும். டிசைனருக்கு அரைமணி நேர வேலை, கேட்டு வாங்கிவிடுங்கள்.

இதற்கும் மேலே ஒரு வழி உண்டு, அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். வாட்ஸ்அப் லிங்க்கில் முன்கூட்டியே ஒரு வாக்கியத்தை எழுதி வைக்கலாம். பெல்ட் பக்கத்திலிருக்கும் பட்டனை அழுத்தினால் ‘பெல்ட் பக்கம் பார்த்தேன், மொத்த விலை சொல்லுங்கள்’ என்றும், ஜாப் வொர்க் பக்கத்தில் அழுத்தினால் ‘எங்கள் டிசைனுக்குத் தைத்துத் தர முடியுமா?’ என்றும் செய்தி தயாராக நிற்கும். அனுப்புகிறவர் பெரும்பாலும் அதை அப்படியே அனுப்பிவிடுவார். எந்தப் பக்கம் ஆளைக் கொண்டுவந்தது என்பது உங்கள் போனிலேயே தெரிந்துவிடும்.

போனில் வருகிறவரிடம் வாயால் கேளுங்கள்: “சார், நம்ம நம்பர் எங்க பாத்தீங்க?” கேட்டதை ஆர்டர் நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அனலிட்டிக்ஸில் ‘டைரக்ட்’ என்று ஒரு வரி பெரிதாக நிற்கும். நேராக முகவரியைத் தட்டி வந்தவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். உண்மையில், வாட்ஸ்அப்பில் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய லிங்க்கைத் தொட்டு வந்தவர்கள் பெரும்பாலும் அதில்தான் விழுவார்கள். நம் தொழிலே அறிமுகத்தில் ஓடுகிற தொழில். அந்த அறிமுகம் எங்கிருந்து என்பதை நோட்டுதான் சொல்லும், கருவிக்குத் தெரியாது.

தேடிய சொற்களைப் படியுங்கள்

மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால், அதில் முக்கால் மணியைச் சர்ச் கன்சோலின் தேடல் சொற்களுக்குக் கொடுங்கள். அரிதாகத் தேடப்படும் சொற்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் மறைத்துவிடும். ஆகவே பட்டியல் முழுமையாக இருக்காது. இருந்தாலும் வாடிக்கையாளர் தன் வாயால் என்ன சொல்லிக் கேட்கிறார் என்பது இவ்வளவு தெளிவாக வேறெங்கும் கிடைக்காது.

முதலில் நமக்குச் சம்பந்தமில்லாதவற்றைக் கழிக்க வேண்டும். அணைக்கட்டு என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். கோவையை அடுத்து கேரள எல்லையில் இருக்கும் ஆனைகட்டிக்கும் ஏறத்தாழ அதே எழுத்துதான். அங்கே தங்க விடுதி தேடுகிறவர்களுக்கு உங்கள் செருப்புப் பக்கம் காட்டப்பட்டு, யாரும் தொடாமல் போயிருக்கலாம். ‘ஆயிரம் பேருக்குக் காட்டினார்கள், பத்துப் பேர்தான் தொட்டார்கள்’ என்று நொந்துகொள்வதற்கு முன், அந்த ஆயிரத்தில் விடுதி தேடியவர் எத்தனை பேர் என்று பாருங்கள். பக்கத்தில் ‘அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்’ என்று சேர்த்து எழுதினால் குழப்பம் குறையும். ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019-ல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஆனால் ஆம்பூரை வேலூரோடு சேர்த்துத் தேடுகிற பழக்கம் வெளியூர்க்காரர்களுக்கு இன்னும் இருக்கலாம். உங்கள் பட்டியலில் அது தென்பட்டால், ‘வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரம்’ என்ற வரி பக்கத்தில் இருப்பதில் தவறில்லை.

மிச்சமிருப்பதை இரண்டாகப் பிரியுங்கள். ‘ஆண்கள் தோல் செருப்பு விலை’, ‘ஒரிஜினல் லெதர் பெல்ட்’ என்று தேடுகிறவர் ஒரு ஜோடி வாங்குகிறவர். ‘லெதர் பர்ஸ் தயாரிப்பாளர் தமிழ்நாடு’, ‘சொந்த பிராண்டுக்கு பெல்ட் தைத்துத் தருபவர்’, ‘1.2 மி.மீ. கவ் லெதர் சதுர அடி விலை’ என்று தேடுகிறவர் ஆர்டர் கொடுக்கிறவர். தோலைச் சதுர அடியிலும் கனத்தை மில்லிமீட்டரிலும் கேட்கிறவர் தொழில் தெரிந்தவர். இவர் மாதத்துக்கு நாலு பேர் வந்தாலும் போதும். அவர் வந்து இறங்கும் பக்கத்தில் கனம், நிறம், குறைந்தபட்சம் எத்தனை பீஸ் தைப்பீர்கள், சாம்பிளுக்கு எத்தனை நாள், அதற்கு என்ன கட்டணம் என்ற விவரம் இருந்தால்தான் போன் செய்வார். ‘தரமே எங்கள் உயிர்’ என்று எழுதியிருந்தால் அவர் திரும்பிப் போய்விடுவார்.

இந்த முறை தோலுக்கு மட்டுமானதல்ல. இலவம்பாடி முள் கத்திரிக்காய் அணைக்கட்டு வட்டாரத்தின் பெருமை. 2023 பிப்ரவரியில் வேலூர் முள் கத்திரிக்காய் என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்க்காரருக்கு அது இலவம்பாடிக் கத்திரிக்காய். செய்தியில் படித்த சென்னைவாசிக்கு அது வேலூர் முள் கத்திரிக்காய். விதையோ காயோ விற்கும் உழவர் குழு ஒன்று தன் பக்கத்தில் ஒரு பெயரை மட்டும் எழுதியிருந்தால், மற்றப் பெயரில் தேடுகிறவரின் கண்ணில் படாமலே போகலாம். எந்தப் பெயரில் தேடி வருகிறார்கள், விதை கேட்கிறார்களா காய் கேட்கிறார்களா என்பதைச் சர்ச் கன்சோலில் பார்த்துவிட்டு, தலைப்பை அதற்கேற்ப மாற்றலாம்.

சின்ன எண்ணை நம்பாதீர்கள்

போன மாதம் இரண்டு என்கொயரி, இந்த மாதம் மூன்று. ஐம்பது சதவீத வளர்ச்சி என்று கருவி பச்சை அம்பு காட்டும். அது வெறும் தற்செயல். எண்ணிக்கை நூறுகளில் இருக்கும்போது சதவீதத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஆள் கணக்கில் பாருங்கள்.

இதற்குப் புள்ளியியலில் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு பக்கத்துக்கு 60 பேர் வந்து ஒருவர்கூடக் கேட்கவில்லை என்றால், 3-ஐ 60-ஆல் வகுங்கள். 5 சதவீதம் வரும். அதாவது உண்மையில் இருபது பேரில் ஒருவர் கேட்கக்கூடிய பக்கமாகவும் அது இருக்கலாம். இன்னும் கெட்டது என்று முடிவுகட்ட முடியாது. 300 பேர் வந்தும் ஒருவர் கேட்கவில்லை என்றால் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறுவது சந்தேகம். அந்தப் பக்கத்தை மாற்றி எழுதுங்கள். பத்து நாள் பார்த்துவிட்டு ‘தளம் வேஸ்ட்’ என்று மூடிவிடுகிறவர்களுக்காகவே இந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

ஊர்ப் பட்டியலையும் அப்படியே நம்ப வேண்டாம். அனலிட்டிக்ஸ் ஊரைக் கண்டுபிடிப்பது இணைய இணைப்பின் ஐபி முகவரியை வைத்து. மொபைல் டேட்டாவில் வரும் ஒடுகத்தூர்க்காரர் சென்னை என்றோ பெங்களூர் என்றோ பதிவாகலாம். உங்கள் பட்டியலில் அணைக்கட்டு ஒருபோதும் வராமலேகூடப் போகலாம். அமெரிக்காவின் ஆஷ்பர்ன் என்ற ஊரிலிருந்து திடீரென்று முப்பது பேர் வந்திருந்தால் பையர் என்று மகிழ வேண்டாம். அது டேட்டா சென்டர்கள் நிறைந்த ஊர். வந்தவை பெரும்பாலும் தானியங்கி நிரல்கள். எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்ற வரியில் சுழியம் இருக்கும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். பத்து விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, கீ ஈவென்ட் ஒன்றைச் செய்தாலோதான் ஜிஏ4 அதை ஈடுபாடுள்ள வருகையாக எண்ணும். அந்த எண்ணை மட்டும் பாருங்கள்.

ஐரோப்பியப் பையர் விஷயத்தில் நிலைமை தலைகீழ். அங்கே 2018 முதல் நடப்பில் இருக்கும் தனியுரிமைச் சட்டத்தின்படி அனுமதி கேட்டுத்தான் கணக்கெடுக்க வேண்டும். வேண்டாம் என்று அழுத்தியவர் கணக்கில் முழுதாக வரமாட்டார். ஜெர்மனியிலிருந்து இரண்டு பேர் என்று காட்டினால் உண்மையில் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். இந்தியாவிலும் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிவிட்டது. படிவத்தில் பெயரும் நம்பரும் வாங்கினால் எதற்காக வாங்குகிறீர்கள் என்று அங்கேயே ஒரு வரி எழுதுங்கள். வாங்கிய நம்பரை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள்.

பண்டிகையைத் தேதியால் ஒப்பிடாதீர்கள்

நம் பக்கத்துக்கு இது மிக முக்கியம். ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதிகளில் ரம்ஜானுக்கு முந்தைய வாரங்கள்தான் செருப்புக் கடையின் உச்சம். இந்தியாவில் ரம்ஜான் பண்டிகை 2024-ல் ஏப்ரல் 11 அன்று வந்தது, 2025-ல் மார்ச் 31 அன்று. ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். தீபாவளியும் நிற்பதில்லை: 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. ‘போன வருடம் இதே மாதம்’ என்று கருவி போடும் ஒப்பீட்டை எடுத்தால், 2025 ஏப்ரல் படுத்துவிட்டதாகத் தோன்றும். வியாபாரம் மார்ச்சில் நடந்து முடிந்திருக்கும். பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி 30 நாளை இரண்டு ஆண்டுக்கும் தனித்தனியாகக் கையால் குறித்து ஒப்பிடுங்கள். சர்ச் கன்சோலின் 16 மாதம் இதற்குப் போதும், ஆனால் அதற்கு மேல் பழையது அழிந்துவிடும். ரம்ஜான் முடிந்த வாரத்திலேயே அந்தக் கணக்கை இறக்கி எக்செல் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஜிஏ4-ல் விரிவான ஆய்வுக்கான தரவை இரண்டு மாதம்தான் வைக்கும்படி முதலில் அமைந்திருக்கும். செட்டிங்கில் அதை 14 மாதமாக மாற்றலாம். மாற்றிய நாளுக்கு முன் அழிந்தது திரும்பாது என்பதால் இன்றைக்கே மாற்றுங்கள்.

பார்த்த பின் மாற்றுவது

பெரும்பாலான தளங்களில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் படங்கள். போனில் எடுத்த போட்டோவை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் பல எம்பி. ஜவ்வாது மலையடிவாரத்தில் சிக்னல் இழுக்கும் இடத்தில் உங்கள் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைப் போட்டால் உங்களுக்கு எத்தனை விநாடி என்று சொல்லிவிடும். தோலின் ரேகை தெரிய வேண்டும் என்று பெரிய படம் வைக்கிறவர்கள் ஒரு படத்தை மட்டும் பெரிதாக்கி, மற்றவற்றைச் சுருக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தலைப்பையும் படத்தையும் விலையையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மாற்றிய தேதியையும் ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, குறைந்தது ஆறு வாரம் விடுங்கள்.

அச்சடிக்கும் எதிலும் தனித்தனி லிங்க் வையுங்கள். சென்னை வர்த்தக மையத்தில் நடக்கும் சர்வதேசத் தோல் கண்காட்சிக்குப் போகும்போது கொடுக்கும் விசிட்டிங் கார்டின் க்யூஆர் குறியீடு ஒன்று, கடை வாசலில் ஒட்டியது ஒன்று, பெட்டிக்குள் போடும் சீட்டில் ஒன்று. முகவரியின் வாலில் யூடிஎம் என்ற குறிப்பைச் சேர்த்தால் மூன்றும் அனலிட்டிக்ஸில் தனித்தனி வரியாக வரும். குறிப்பைச் சேர்க்கக் கூகுளே ஓர் இலவசப் பக்கம் வைத்திருக்கிறது. கண்காட்சிக் கார்டின் குறியீடு முகப்புப் பக்கத்துக்குப் போகாமல் ஜாப் வொர்க் பக்கத்துக்கே போகட்டும். அங்கே குறைந்தபட்ச எண்ணிக்கையும் சாம்பிள் கட்டணமும் இருக்கின்றனவா என்று கார்டு அச்சுக்குப் போகும் முன் பாருங்கள். அச்சடித்த பிறகு அந்தப் பக்கத்தின் முகவரியை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய முகவரிக்கு வருகிறவர் புதியதற்குத் தானாகப் போகும்படி டிசைனரிடம் சொல்லிச் செய்துவிட்டு, உங்கள் போனில் ஒரு கார்டை ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள்.